லாரி ஓட்டுநரின் மொபைல் கேம்: தூங்கி எழுந்த பிறகு ஆடுங்கள்

கேள்வி: வயது 34. பாலக்கோடு சொந்த ஊர். பன்னிரண்டு சக்கர லாரியில் கிருஷ்ணகிரியிலிருந்து நாக்பூர், டெல்லி வரை லோடு போகிறேன். ராத்திரி 11 மணிக்கு வண்டியை ஓரங்கட்டியதும் 1.30 வரை பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு அதுதான். 4.30க்குக் கிளம்பியாக வேண்டும். இரண்டு மாதமாக இடது கட்டைவிரல் அடியில் வலி, கண்ணில் எரிச்சல். விடியற்காலையில் கண் சொக்குகிறது. கேமை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் பொழுதுபோக்கு அவசியம். ஆனால் ஆடும் நேரத்தை மாற்றியே ஆக வேண்டும். மூன்று தொல்லைகளில் என்னைக் கவலைப்பட வைப்பது கண் சொக்குவதுதான்.

1.30க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் மூன்று மணி நேரத் தூக்கம்தான். அன்றிரவு 9.30க்கு நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நிலையில் மூளையின் வேகம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போல மந்தப்பட்டிருக்கும். நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம். அதற்கு மேலும் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் அசந்தால் வண்டி 66 மீட்டருக்கு மேல் தானாக ஓடியிருக்கும். சேலம் பக்கம் லோடு கிடைத்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அந்த நான்கு விநாடி வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள்: முதலில் தூக்கம், பிறகு கேம். இரவு 9.30க்கே நிறுத்தி, சாப்பிட்டு, 10.15க்குள் படுத்துவிடுங்கள். 4.15க்கு எழுந்தால் ஆறு மணி நேரம் ஆகிறது. எழுந்த உடனே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தூக்கக் கிறக்கம் தெளிய 15 முதல் 30 நிமிடம் ஆகும். முகம் கழுவி ஒரு மேட்ச் ஆட ஏற்ற நேரம் அது. முடித்ததும் டயர், தார்ப்பாய்க் கயிறு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஐந்து மணிவாக்கில் கிளம்புங்கள். அரை மணி தாமதத்துக்குப் புக்கிங் ஆபீஸில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஆறு மணி நேரம் போதாது, குறைந்தது ஏழு வேண்டும். மீதியைக் காத்திருப்பில் எடுக்கலாம். மாம்பழக் கூழ் ஆலையிலோ கிரானைட் யார்டிலோ டோக்கன் போட்டுவிட்டு மணிக்கணக்கில் நிற்கிறீர்கள் அல்லவா? அதில் முதல் ஒன்றரை மணி நேரம் தூக்கத்துக்கு, மிச்சம் கேமுக்கு. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேபினில் தூங்காதீர்கள்; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

பிஜிஎம்ஐ கிளாசிக் மேட்ச் அரை மணி நேரம் வரை இழுக்கும், நடுவில் நிறுத்தவும் முடியாது. "இன்னும் ஒரு மேட்ச்" என்று நேரம் நழுவுவது இதனால்தான். ஆடத் தொடங்குமுன் எத்தனை மேட்ச் என்று கிளீனரிடம் சொல்லிவிடுங்கள். யார்டில் எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்றால் லூடோ, செஸ் போல எங்கும் நிறுத்தக்கூடியதை ஆடுங்கள். இரவில் ஆடியே தீர வேண்டும் என்றால், படுப்பதற்கு முக்கால் மணி முன்பே முடித்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைவிட ஆட்டத்தின் பரபரப்புதான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும். மாலை ஐந்துக்கு மேல் டீயும் வேண்டாம்.

கட்டைவிரலுக்கு வருவோம். திரையில் ஆளை ஓடவிட ஜாய்ஸ்டிக்கைத் தள்ளுவது இடது கட்டைவிரல். கியர் போடுவதும் இடது கைதான். ஒரே தசைநாருக்கு இரட்டை வேலை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் சுரீர் என்று வலித்தால், தசைநார் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் ஜாய்ஸ்டிக் கேம் வேண்டாம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் (அசையாமல் தாங்கும் பட்டை) வாங்கி, வண்டி நிற்கும்போதும் தூக்கத்திலும் போடுங்கள். ஓட்டும்போது பிடி நழுவும் என்பதால் கழற்றிவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்து நிமிடம் வையுங்கள். டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவரின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். கியர் குமிழைக் கட்டைவிரலால் தள்ளாமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

கண் எரிச்சலுக்குக் காரணம், திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்து கண் உலர்வது. ஒவ்வொரு மேட்ச் முடிவிலும் தூரத்துப் புளியமரத்தையோ மலையையோ அரை நிமிடம் பாருங்கள். கண்ணை ஈரமாக வைக்கும் கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ் 0.5 சதவீத சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு முறை விடலாம். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கிவிடாதீர்கள். எரிச்சல் உடனே அடங்கும், ஆனால் நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கினாலோ, பலமாகக் குறட்டை விடுவதாகக் கிளீனர் சொன்னாலோ, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் விரல் வலி குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்த நினைத்தும் கேமை நிறுத்த முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.