பெருவிரலை நம்பி இறங்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. கணினி வேலை சலித்துவிட்டது. மசாஜ் தெரபி படித்து அதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டால் பாதியிலேயே தூங்கிவிடுவார். எந்த வலியையும் உன் கை போக்கிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். மசாஜ் உடம்பிலுள்ள நச்சை வெளியேற்றும் என்பது உண்மையா? இந்த வயதில் தொடங்கலாமா? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. ஒரு மாதமாக நண்பர்களுக்குச் செய்து பழகுகிறேன். பெருவிரலின் அடியில் லேசாகக் கடுக்கிறது. பழகினால் சரியாகிவிடும்தானே?

ச.

அன்புள்ள ச.,

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கடிதமே. பழகினால் சரியாகாது, பழகப் பழக மோசமாகும். இந்தத் தொழிலுக்கு ஆசையோடு வந்தவர்கள் ஏன் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆள் வராமல் போனவர்கள் உண்டு. ஆள் நிறைய வந்ததாலேயே கை கெட்டுப்போனவர்களும் உண்டு.

நச்சு விஷயத்தை விட்டுவிடுங்கள். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. கடுமையாக ஓடும்போது தசையில் உண்டாகி ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருள்கூட யாரும் தொடாமலே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். நாலு பேர் சொல்வதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. அந்த நாலு பேருக்கும் ஒருநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும், வருவார்கள்.

பெருவிரலுக்கு வருவோம். அதன் அடிமூட்டு, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு சேணங்கள் மாதிரி. எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதால் எலும்பின் பிடிமானம் அதில் குறைவு. தசைநார்கள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நுனியில் ஒரு கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் சேரும் என்று 1977இலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு மாதமாக அந்த மூட்டை வைத்துத்தான் முதுகை அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். தேடிப் பார்க்கவும் தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சைக் கண்டுபிடிக்கவும் பெருவிரல் போதும். அழுத்த வேண்டியது முன்கையும் முஷ்டியும் முழங்கையும்தான். எங்காவது பெருவிரலால் அழுத்தியே ஆக வேண்டுமென்றால், அதை மடங்கவிடாமல் நேராக வைத்து, மற்ற கையை மேலே வைத்துத் தாங்குங்கள்.

உங்கள் கட்டில் எவ்வளவு உயரம்? எழுதவில்லை. வீட்டுக் கட்டிலாகவோ தரையாகவோ இருக்கும். மசாஜ் மேசையின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் முட்டிகள் மேசையின் மேல்பரப்பைத் தொட வேண்டும். ஆழமாக அழுத்துகிற வேலைக்கும், பருமனான ஆளுக்கும் அதைவிடச் சற்றுத் தாழ்த்த வேண்டும். மேசை உயர்ந்துவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். உடல் எடையைச் சாய்க்க முடியாமல் கையின் பலத்தால் அமுக்குவீர்கள், அமுக்குகிற பாரமெல்லாம் கடைசியில் பெருவிரலுக்குப் போய்ச் சேரும். ரொம்பத் தாழ்ந்தால் அடிமுதுகு போகும்.

ஒன்று செய்து பாருங்கள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை, முள் உள்ள பழைய வகையாக, மேசைமேல் வையுங்கள். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே கோட்டில் வர, முழங்கையைப் பூட்டாமல், பின்காலிலிருந்து சாயுங்கள். முள் மெல்ல ஏறி 15 கிலோவில் நிற்கட்டும். மூச்சு சீராக ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். கைத்தசையால் அமுக்கினால் முள் நடுங்கும், நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணெயையும் குறையுங்கள். வழுக்கினால் விரல்கள் இறுக்கிப் பிடிக்கப் பார்க்கும், மறுபடி பெருவிரல்தான் அடி வாங்கும்.

“எந்த வலியையும்” என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் திட்டாமல் விட முடியாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் உங்கள் கை அதைத் தொடவே கூடாது. காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம்; அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆழ அழுத்தினால் கன்றிப்போகும். இதையெல்லாம் கேட்காமல் எண்ணெயை எடுப்பவர் தெரபிஸ்ட் இல்லை. பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தில் இதைக் கேளுங்கள்: யாரைத் தொடக்கூடாது என்பதற்கு எத்தனை வகுப்பு, ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க உண்மையான ஆட்களுக்குச் செய்வது எத்தனை மணி நேரம்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருமானத்தை வாரம் 40 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டிருந்தால் கிழித்துப் போடுங்கள். கை வைத்துச் செய்யும் வேலை 20, 25 மணி நேரம் என்றாலே அது முழு வாரம். விரிப்பு மாற்றுவது, கை கழுவுவது, குறிப்பு எழுதுவது எல்லாம் அதற்கு மேல்.

பாட்டி தூங்கிப்போவதை எழுதியிருந்தது மனதுக்கு இதமாக இருந்தது. அவர் தூங்கியதும் உங்கள் கை தானாக வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைகிறது என்றால், கற்றுக்கொடுக்கச் சிரமமான ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வயதைக் கேட்டிருந்தீர்கள். 34 ஒரு தடையே இல்லை. ஆனால் இரண்டு வாரம் யாருக்கும் பிடித்துவிடாதீர்கள். அதன் பிறகும் பெருவிரல் கடுத்தால், பயிற்சி நிலையத்துக்குப் போகுமுன் கை மருத்துவரிடம் போங்கள்.