மொரிஸ் மைனர் கார் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்) முழுதாக மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முதலில் அதற்குள் இருக்கும் கண்டென்சரைப் பாருங்கள், கரண்டைச் சேமிக்கும் சின்ன உருளை அது.

எங்கள் வீட்டில் நிற்பதும் 1098 சிசி மொரிஸ் மைனர்தான், அப்பா ஆசையாக வைத்திருந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும்போது ஆரையம்பதி தாண்டியதும் இப்படித்தான் நின்றது, அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கொயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது), பிளக் எல்லாம் மாற்றி, காபரேட்டரையும் கழற்றிக் கழுவிப் பார்த்தேன், காசுதான் போனது.

கார் நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கூட வந்தவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லிவிட்டுப் பொயின்டையே, அதாவது திறந்து மூடிக் கொயிலின் கரண்டைத் துண்டிக்கும் தொடுமுனைகளையே பாருங்கள். ஊசிமுனை அளவு பொறி வந்தால் பரவாயில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று பெரிதாக எரிந்தால் கண்டென்சர் சூட்டில் கைவிடுகிறது என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் எரிந்தது, பொயின்டின் முகமும் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. கண்டென்சரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வழியாகத்தான் அதற்கு எர்த், அந்த இடத்தில் துரு இருந்தால் புதிதைப் பூட்டியும் பயனில்லை. கடற்கரைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பொயின்டையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் லூக்காஸ் 25டி4 ரகம் என்றால் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், கிட்டத்தட்ட 0.38 மி.மீ. பொயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது அளவுத் தகட்டை விடுங்கள், இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். புதுப் பொயின்டின் முகத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைத் துடைக்காமல் பூட்டினால் ஸ்டார்ட்டே ஆகாமல் திண்டாட வேண்டிவரும்.

அப்புறம் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைக் கொடுக்கும் துண்டு. புதியதுதானே என்று நம்பிவிடாதீர்கள்! பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த சில ரோட்டர்கள் அந்த ரிவெட் வழியாகவே கரண்டை ஷாஃப்டுக்கு விட்டுவிடும். சோதிப்பது சுகம். இக்னிஷனைப் போட்டு, பொயின்ட் மூடியிருக்கிற நிலையில், கொயிலில் இருந்து வரும் தடித்த வயரின் நுனியை ரோட்டரின் நடுத்தகட்டுக்கு மேலே 3 மி.மீ. உயரத்தில் பிடியுங்கள், வெறும் கையால் வேண்டாம், நல்ல இன்சுலேஷன் உள்ள குறட்டால். மற்றக் கையில் பிளாஸ்டிக் குச்சி ஒன்றால் பொயின்டைத் தட்டித் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பலமாகப் பொறி பாய்ந்தால் அந்த ரோட்டர் வேண்டாம்.

மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும், அது மாரி காலத்து ஈரத்தில் இன்னும் மோசமாகும். எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் எஞ்ஜின் சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள், பழைய ரோட்டரை அதுவரை எறியாதீர்கள்.