ஜப்பானிலிருந்து ஸ்விட்ச் 2 வாங்கி வரச் சொல்லலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மைத்துனர் ஜப்பானில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அங்கே நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 வீடியோ கேம் மெஷின் ரொம்ப மலிவாம். மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறான், ரயிலிலும் விளையாடலாம், வீட்டுக்கு வந்தால் டிவியிலும் போடலாம் என்கிறான். வாங்கலாமா? இந்த மாதிரி மெஷின் மார்க்கெட்டில் நிலைக்குமா?"

முதல் வேலையாக மைத்துனருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஜப்பானில் இது இரண்டு விதமாக விற்கிறது. மலிவானதன் அறிமுக விலை 49,980 யென், ஆனால் அதில் மெனு முழுக்க ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் என்று நாடு குறித்த நின்டெண்டோ கணக்கு மட்டும்தான் அதில் சேரும், போதாக்குறைக்கு கேம் வாங்கி இறக்கும் ஜப்பானின் ஆன்லைன் கடையில் 2025 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு கிரெடிட் கார்டும் செல்லாது. உங்கள் மகனுக்கு இது வேண்டவே வேண்டாம். பல மொழி மாடல் அறிமுக விலையில் 69,980 யென், நின்டெண்டோவின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டும் கிடைக்கும். வாங்கினால் அதை வாங்கச் சொல்லுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் பழைய ஸ்விட்சின் ஓஎல்இடி மாடல் போதும், அதை ஜப்பானில் வாங்கினாலும் ஆங்கிலம் உண்டு.

சரி, தூக்கிக்கொண்டு போவது எப்படி? 2017-இல் வந்த முதல் ஸ்விட்ச் கைப்பிடிகளோடு 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஓஎல்இடி 420, ஸ்விட்ச் 2 ஏறக்குறைய 534. திரை 7.9 அங்குலமாகப் பெரிதானதற்கு இதுதான் விலை. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். வீட்டில் அரைக் கிலோ உளுந்து பாக்கெட் இருக்கும் இல்லையா, மகனை மல்லாந்து படுத்து அதை இரண்டு கையாலும் முகத்துக்கு மேலே இருபது நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் அப்பர் பெர்த்தில் அவன் செய்யப்போவது அதைத்தான். மணிக்கட்டு வலித்தால் மடியில் வைத்து விளையாடுகிறவனுக்கே இது ஒத்துவரும்.

பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு. கனமான கேம் என்றால் அந்த இரண்டை ஒட்டித்தான் வரும். ராத்திரி 11 மணிக்கு மேல் பெட்டியில் சார்ஜிங் பாயிண்டை நிறுத்திவிடுவதும் உண்டு, அதனால் யூஎஸ்பி-சி பவர் டெலிவரி உள்ள பவர் பேங்க் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்குத் தாங்கும், பின் மாற்றி ஒன்று போதும்.

மார்க்கெட் விஷயத்தில் எனக்குப் பயமில்லை. நின்டெண்டோ வெறும் வீட்டு மெஷினாக விட்ட வீ யூ 1.36 கோடி விற்பனையோடு நின்றுபோனது, அதற்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5, நான்கே நாளில் 35 லட்சம். முந்தைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடுவதால் நான்கைந்து வருஷத்துக்குக் கேமுக்குப் பஞ்சம் வராது. ஸ்டீம் டெக், ஆசஸ் ரோக் அலை என்று கையில் பிடித்து விளையாடும் கணினி வகையறாவும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ரோக் அலை 2023-இல் இந்தியாவுக்கே முறையாக வந்தது, சர்வீஸ் கேட்க ஒரு இடம் உண்டு, ஆனால் 608 கிராம்.

ஸ்விட்சுக்கு அந்த வசதி இங்கே இல்லை. இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, வாரண்டி என்று போய் நிற்க திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் ஆள் கிடையாது, சென்னையிலும் கிடையாது. அதனால் கேமையாவது நெட்டில் இறக்காமல், மெஷினில் செருகும் கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள் என்கிறேன், ஆடி முடித்ததும் விற்றுக் காசாக்கலாம். அதிலும் கேம் பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படம் போட்டிருந்தால் உள்ளே கேம் இருக்காது, முழுவதையும் நெட்டில் இறக்கியாக வேண்டும். ஹாஸ்டல் வைஃபையில் அது நடக்கிற காரியமா என்று மகனிடமே கேளுங்கள்.

அப்புறம், விமானத்தில் வரும்போது லித்தியம் பேட்டரி இருப்பதால் மெஷினை லக்கேஜில் போடாமல் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், பில்லும் கூடவே இருக்கட்டும்.