முன்னோர் அழைப்புக்கு விடுப்பு கொடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண், முன்னோர் தன்னை அழைப்பதாகவும், சங்கோமா, அதாவது முன்னோரின் துணையால் குறி பார்க்கும் பாரம்பரிய மருத்துவர், ஆவதற்கான பயிற்சியை முடிக்கச் சம்பளமில்லாத விடுப்பு வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பி.காம். படித்தவர். வேலையில் குறை சொல்ல முடியாது. இங்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தான்சானியாவில் அல்பினிசம் (பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்த நிலை) உள்ளவர்களைக் கொன்று உறுப்புகளை விற்ற செய்தியை ஒருவர் எடுத்துக் காட்டினார். இந்த மந்திரவாதிகளை அரசே தடைசெய்ய வேண்டாமா? விடுப்பு கொடுத்தால் நாமும் மூடநம்பிக்கைக்குத் துணைபோனது ஆகாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மேசைக்கு வந்திருக்கும் விண்ணப்பம் போன்ற ஒன்று தென்னாப்பிரிக்காவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரிட்டோரியா அருகே ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்த பெண் 2007இல் இதே பயிற்சிக்காகச் சில வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்டார். பாரம்பரிய மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தையும் கொடுத்தார். நிர்வாகம் ஒரு வாரம்தான் தருவோம் என்றது. அவர் போய்விட்டார், வேலையும் போயிற்று. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி 2013இல் அவர் பக்கம் முடிந்தது. முன்னோர் அழைப்பது உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. ஒருவருடைய நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல, அவர் அதை உளமார நம்புகிறாரா என்பதே கேள்வி என்றது.

சட்டத்தை விடுங்கள். அந்தப் பெண் எதற்குப் போகிறார் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டீர்களா? இந்த அழைப்பையும் பயிற்சியையும் உகுத்வாசா என்பார்கள். பெரும்பாலும் நோயில்தான் தொடங்கும். விடாத தலைவலி, தூக்கத்தைக் கெடுக்கும் கனவுகள், மருத்துவமனையில் பெயர் சொல்ல முடியாத உடல்நோவு. முன்னோரின் அழைப்பை மறுத்தால் நோய் முற்றும் என்பது நம்பிக்கை. பிறகு குருவின் வீட்டில் தங்கி, விடியுமுன் எழுந்து, முரசுக்கு ஆடிப் பாடி, வேர் தோண்டி, எலும்பு போட்டுக் குறி பார்க்கக் கற்க வேண்டும். மாதக்கணக்கிலும் ஆகும், வருடக்கணக்கிலும் ஆகும். முடிவில் ஊரார் முன்னிலையில் ஒளித்துவைத்த பொருள்களை மாணவி கண்டெடுக்க வேண்டும், ஆடு பலியிடுவார்கள். விடுப்புக்குப் பொய்க் காரணம் தேடும் யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

குறி பார்க்கும் இடத்தைச் சொல்கிறேன். தரையில் பாய். இம்பெபோ என்ற உலர்ந்த செடியைக் கொளுத்தி முன்னோரை அழைப்பார்கள். எலும்பு, சோழி, நாணயம், சிலரிடம் டோமினோ கட்டைகூட, எல்லாம் ஒரு பையிலிருந்து பாயில் விழும். ஒவ்வொன்றும் ஒருவரை அல்லது ஒன்றைக் குறிக்கும்: தகப்பன் வழி, தாய் வழி, பணம், பகை. சங்கோமா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் கைதட்டி ‘சியாவுமா’, ஒப்புக்கொள்கிறோம், என்பார்கள். சொன்னது பொருந்தினால் குரல் ஏறும், பொருந்தாவிட்டால் தணியும். சங்கோமா அதைக் கேட்டே அடுத்த அடி வைக்கிறார். ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அங்கே ஒரு குடும்பம் தன் கதையைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்வது கேட்கிறது. யாருக்குக் காரியம் செய்யாமல் விட்டோம், எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அந்தப் பாயில்தான் வெளியே வரும். மருத்துவமனை வரிசையில் நிற்பவரிடம் இதைக் கேட்க எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது?

தான்சானியாவுக்கு வருகிறேன். அந்தக் கொலைகள் நடந்தன. அதிர்ஷ்டத் தாயத்துக்காகக் குழந்தைகளின் கையை வெட்டினார்கள். அதற்கு எந்தப் பண்பாட்டு விளக்கமும் கிடையாது, தூண்டியவர், செய்தவர், வாங்கியவர் எல்லோரும் கொலைக் குற்றவாளிகள். தென்னாப்பிரிக்காவிலும் கறை உண்டு. வடக்கே லிம்போபோ மாகாணத்தில் சூனியக்காரி என்று பழி சுமத்தி மூதாட்டிகளை உயிரோடு எரித்தார்கள். குறி சொல்லி ஆளைக் காட்டியவர்களில் சங்கோமாக்களும் இருந்தார்கள். இதையெல்லாம் விசாரித்த ரலுஷாய் ஆணையம் 1996இல் அறிக்கை தந்தது.

ஆனால் தடை? தென்னாப்பிரிக்கா அதையும் பார்த்துவிட்டது. 1957இன் சூனிய ஒழிப்புச் சட்டம் ஒருவரைச் சூனியக்காரர் என்று சுட்டுவதைக் குற்றமாக்கியது, சரி. காசு வாங்கிக் குறி சொல்வதையும் அதே கூடையில் போட்டது. சங்கோமாக்கள் மறையவில்லை. நல்லவர், கெட்டவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றானார்கள், ஏமாந்தவருக்குப் புகார் சொல்ல இடமில்லாமல் போனது. தான்சானியாவும் 2015இல் தடை போட்டு இருநூறு பேருக்கு மேல் கைது செய்தது. மூலிகை கொடுத்துவந்தவர்களும் அதில் மாட்டினார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய 2007இல் தென்னாப்பிரிக்காவில் நல்ல சட்டம் வந்தது. குறி பார்ப்போர், மூலிகை மருத்துவர், மருத்துவச்சி, விருத்தசேதனம் செய்வோர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பதிவில்லாதவர் புற்றுநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து தருவதாகச் சொன்னால் குற்றம். ஆனால் அந்தச் சட்டப்படி இடைக்காலக் கவுன்சில் அமையவே 2013 ஆயிற்று. இந்த இழுபறியில்தான் ஜோகன்னஸ்பர்க் விளக்குக் கம்பங்களில், போன காதலரைத் திரும்பக் கொண்டுவருவேன், லாட்டரி விழவைப்பேன் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் பிழைக்கிறார்கள். உகுத்வாசா என்ற பெயரில் மாணவியை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு பணம் கறக்கும் குருமார்களும் உண்டு. இவர்களை யார் கேட்பது?

செய்ய வேண்டியது கண்ணெதிரே இருக்கிறது. தோலைக் கீறி மருந்து தேய்ப்பது அங்கே பொது வழக்கம். ஒரே பிளேடு பலருக்கும் போனால் எச்.ஐ.வி. பரவும், கீறும் பாரம்பரிய மருத்துவருக்கே தொற்றும். ஆளுக்கொரு புதுப் பிளேடு, கையுறை, சந்தேகம் வந்தால் கிளினிக்குக்கு அனுப்பு என்று சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்கிறார்கள். நோயாளி முதலில் போவது அவர்களிடம் என்றால், அவர்களைத் தவிர்த்து எப்படி நோயைப் பிடிப்பது?

ஆகவே விடுப்பு கொடுங்கள். மதச் சடங்குக்கு வேறு ஊழியருக்குக் கொடுக்கும் அதே படிவத்தில், போகும் தேதி, திரும்பும் தேதி, குருவின் கடிதம் இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நீண்டால் முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரு எவ்வளவு கேட்கிறார், அங்கே பாதுகாப்பாக இருக்க முடியுமா என்று அக்கறையோடு ஒரு வார்த்தை விசாரியுங்கள். திரும்பி வந்து மணிக்கட்டில் வெள்ளையும் சிவப்புமாகப் பாசிமணி கட்டியிருந்தால், அதை யாரும் கழற்றச் சொல்லக் கூடாது என்று இப்போதே கிளைக்கு எழுதிவிடுங்கள்.

அன்புடன்