வேலப்பர் உங்கள் மகளுக்கு என்ன கொடுத்தார்?

வணக்கம் அம்மா.

போன வாரம் நீங்களும் பாப்பாவும் பூம்பாறையில் பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, அவள் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க என்னிடம் வத்தலக்குண்டு வரைக்கும் வந்துவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, உங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பரை நினைத்து ஒன்று சொன்னீர்கள். “எங்க அக்கா மகளுக்குக் குடுத்த மூளைய, அந்தக் குழந்தை வேலப்பர் எம்பிள்ளைக்குக் குடுக்கலையே சார்.” பாப்பா அப்போது படியில் நின்று மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்துதான் கிடந்தது. நீங்கள் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பதில் சொல்ல பஸ் நேரம் விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். விடைக்குறிப்பை வைத்துக் கூட்டியதில் நீட்டில் 720-க்கு 210 வருகிறது. உயிரியலில் 150, வேதியியலில் 41, இயற்பியலில் 19. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், பொதுப் போட்டியைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவ இடம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 210 அதற்கும் வெகுதூரம். இன்னொரு வருடம் படித்தால் ஏறாதா என்றால், ஏறலாம். எத்தனையோ பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். அப்படி ஏறியவர்கள் எல்லாருக்கும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. உங்கள் மகள் இரண்டு மணி நேரம் என்னோடு பேசினாள். ‘டாக்டர்’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து எத்தனை தடவை வந்ததென்று நான் எண்ணவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை.

உங்கள் அக்கா மகள் சின்ன வயதிலேயே திருவிழாவுக்கு வந்தால்கூடக் கணக்கு நோட்டோடு உட்காருவாள் என்று நீங்களே சொன்னீர்கள். அவளுக்கு அது விளையாட்டு. அது அவளுக்குக் கிடைத்தது, நல்லா இருக்கட்டும். உங்கள் மகளுக்குக் கிடைத்தது என்ன என்பதை அன்றைக்கு என் மேசைமேல் பார்த்தேன். நீங்கள் டீ வாங்கப் போயிருந்ததால் பார்க்கவில்லை.

நீங்கள் கொண்டுவந்த பூண்டுப் பையை அவள்தான் அவிழ்த்தாள். பேசிக்கொண்டே ஒவ்வொரு பூண்டாக எடுத்து, கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஐந்தைத் தனியாக ஒதுக்கினாள். எதற்கு என்றேன். “இது அஞ்சும் தாங்காது சார், முதல்ல இதைச் சமையலுக்கு எடுத்துருங்க. கழுத்து தடிமனா இருக்கு பாருங்க, தாள் காயறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டாங்க. மத்ததைக் கட்டித் தொங்கவிட்டா ரொம்ப நாள் இருக்கும்.” யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லையாம், பார்த்துப் பார்த்துத் தெரிந்ததாம்.

அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். முன்பக்கம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து மூன்று போகத்துக் கணக்கு: மேல்காட்டில் எந்தத் தேதியில் ஊன்றியது, விதைப்பூண்டு எத்தனை கிலோ, எந்தெந்த நாள் மழை, எடுத்தது எவ்வளவு. அதில் ஒரு பக்கம் என்னை நிறுத்திவிட்டது. பெரிய பல்லைத் தனி வரிசையாகவும் சின்னப் பல்லைத் தனி வரிசையாகவும் ஊன்றி, இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதியிருக்கிறாள். “பெரிய பல்லு வச்சாத்தான் பெரிய பூண்டு வரும்னு சொன்னேன், அப்பா நம்பலை. அதான் நிறுத்துக் காட்டினேன்.”

அம்மா, தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது. வரிசை பிரித்து நடுவார்கள், நிறுப்பார்கள், எழுதுவார்கள். உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமலே மூன்று போகமாகச் செய்திருக்கிறாள். வேலப்பர் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

“கடைசியில மண்வெட்டிதானா?” என்று அவள் அப்பா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. வெயிலிலும் பனியிலும் அந்த மண்ணில் நின்றவர் பிள்ளையாவது அதிலிருந்து தப்பட்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் நான் சொல்கிற படிப்பு வேறு. பெரியகுளத்தில், உங்கள் மலையின் அடிவாரத்திலேயே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. ஆனர்ஸ் தோட்டக்கலை, நான்கு வருடம். நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. அதிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் மாதம் 1,000 ரூபாய் அரசின் புதுமைப் பெண் திட்டப் பணமும் வரும். படித்து முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. எழுதி தோட்டக்கலை அலுவலர் ஆகலாம், வங்கியில் வேளாண் கள அலுவலர் தேர்வு எழுதலாம், மேலே படித்து ஆராய்ச்சிக்கும் போகலாம்.

இனிப்பாக மட்டும் சொல்லக்கூடாது. அரசு வேலைக்கான அறிவிப்பு நாம் நினைத்த வருடம் வராது. விதை, பூச்சிமருந்து கம்பெனி வேலை உடனே கிடைக்கும், ஆனால் ஊர் ஊராக அலைச்சல். அரசுக் கல்லூரி இடத்துக்குப் போட்டியும் கடுமை. பிளஸ் டூ உயிரியலில் 91 எடுத்தவளுக்கு வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொல்வேன், உறுதி என்று சொல்ல மாட்டேன். பெரியகுளம் கிடைக்காவிட்டால் வேறு ஊர்க் கல்லூரிக்கும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கும் சேர்த்தே விருப்பம் பதிவு செய்வோம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் உங்கள் ஊர்ப் பூண்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்கினால் விலையை யார் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் நாளைக்கே அது மாறிவிடும் என்று கதை விட மாட்டேன். ஆனால் நோட்டில் எடைக்கணக்கு வைத்திருப்பவளிடம் வியாபாரி கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.

மறுபடி நீட் எழுதப் படிக்கிற ரிப்பீட்டர் கோர்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், அடுத்த போக விதைக்கு வைத்த பணத்தை எடுக்கப்போகிறோம் என்றீர்கள். தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் சித்தப்பா மகன் சேர்ந்தான் என்பதற்காகவே என்னை எஞ்சினியரிங்கில் சேர்த்தார்கள். ஒன்பது அரியர். அப்பா அடமானம் வைத்த நகை திரும்பி வந்ததா என்று நான் இன்றுவரை அம்மாவிடம் கேட்டதில்லை.

வருகிற புதன்கிழமை வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே போட்டுவிடலாம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று மூன்றும் வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே எழுதிக்கொடுங்கள், அதுதான் தாமதமாகும். அக்கா வீட்டில் கேட்டால் ‘பார்த்துக்கிட்டு இருக்கோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். பாப்பா முன்னால் வைத்து வேண்டாம்.

அவள் ஒதுக்கிய ஐந்தையும் நான் மறதியில் சமையலறையிலேயே போட்டுவிட்டேன். நேற்றுப் பார்த்தால் மூன்று முளைவிட்டிருக்கிறது. தொங்கவிட்டவை அப்படியே இருக்கின்றன. அந்த மூன்றையும் தொட்டியில் ஊன்றலாமா என்று என் மனைவி கேட்கிறாள். பாப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.