புகையிலை, கருவாடு, சபை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். வடக்கே மாசசூசெட்ஸுக்குப் போனவர்கள் கடவுளைத் தேடிப் போனார்கள், தெற்கே வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் பணத்தைத் தேடிப் போனார்கள் என்றுதான் கல்லூரியில் படித்திருக்கிறேன். தாங்கள் இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினை தவறா? ஒரு சாதாரணக் குடும்பத்தின் அன்றாடத்தில் மதம் எந்த அளவுக்கு இருந்தது?

ர., கோவை

அன்புள்ள ர.,

அந்தப் பிரிவினையில் உண்மை இல்லாமல் இல்லை. 1607இல் ஜேம்ஸ்டவுனை நிறுவியது, இலாபம் கருதிப் பங்குதாரர்கள் பணம் போட்ட வர்ஜீனியா நிறுவனம். 1630இல் ஜான் வின்த்ராப்பின் தலைமையில் பாஸ்டன் பக்கம் வந்திறங்கிய பியூரிட்டன்கள், இங்கிலாந்துத் திருச்சபையின் போக்குப் பிடிக்காமல் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள். ஆனால் மாசசூசெட்ஸும் சட்டப்படி ஒரு வணிக நிறுவனத்தின் சாசனத்தின் மேல்தான் நின்றது. வர்ஜீனியாவிலோ, ஞாயிறு வழிபாட்டுக்குக் காரணமின்றி வராதவருக்கு 1624ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ராத்தல் புகையிலை அபராதம் விதித்தது. அங்கே புகையிலையே பணம். திருச்சபைக் குருவின் ஆண்டுச் சம்பளமும் 1696இல் 16,000 ராத்தல் புகையிலை என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே நல்ல ரகப் புகையிலை விளையும் பகுதிகளின் திருச்சபைப் பொறுப்பையே குருமார் விரும்பினார்கள். 1758இல் விளைச்சல் குறைந்து விலை ஏறியபோது, ராத்தலுக்கு இரண்டு பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் முடிவுசெய்ய, குருமார் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1763இல் அப்படியொரு வழக்கில், பேட்ரிக் ஹென்றி என்ற இளம் வழக்கறிஞரின் பேச்சைக் கேட்ட ஜூரிகள் குருவுக்கு அளித்த இழப்பீடு ஒரே ஒரு பென்னி.

வடக்கே இதைவிடச் சுவையான வழக்கு ஒன்று இருக்கிறது. ராபர்ட் கெய்ன் பாஸ்டனில் இறக்குமதிச் சரக்கு விற்ற வணிகர். பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பக்தி உடையவர். 1639இல் அவர்மேல் அநியாய விலைப் புகார் எழுந்தது. ஷில்லிங்குக்கு ஆறு பென்ஸுக்கு மேல், அதாவது போட்ட முதலில் பாதிக்கு மேல் இலாபம் வைத்தார், சில சில்லறைச் சாமான்களில் ஒன்றுக்கு இரண்டுக்கு மேலேயே வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. இலாபத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் எதுவும் அப்போது நடைமுறையில் இல்லை. இருந்தும் மன்றம் 200 பவுண்டு அபராதம் என்று பேசி, கடைசியில் 80 பவுண்டோடு விட்டது. அவருடைய திருச்சபையும் தன் பங்குக்கு விசாரித்துக் கண்டித்தது. கெய்ன் தம் பேராசையைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். போதகர் ஜான் காட்டன் இதையே பொருளாக எடுத்துப் பிரசங்கித்தார்: முடிந்த அளவு மலிவாக வாங்கி, முடிந்த அளவு கூடுதலாக விற்கலாம் என்பது பொய்யான கொள்கை; கடலில் சரக்கு போய்விட்டால் அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் விலையில் ஏற்றுவதும் தவறு. நம் காலத்து வணிகர் எவரும் முதல் வாக்கியத்திலேயே எழுந்து போயிருப்பார். கெய்ன் போகவில்லை, மறக்கவும் இல்லை. 1653இல் எழுதத் தொடங்கிய உயிலில், ஆணியைக் கூடுதல் விலைக்கு விற்றார் என்பது உட்பட அந்தக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் மறுமொழி எழுதி, அதைச் சுமார் 50,000 சொற்களுக்கு வளர்த்தார்; அதே உயிலில், சந்தையும் ஊர்மன்றமும் கட்டப் பாஸ்டனுக்கு 300 பவுண்டு விட்டுச் சென்றார். பேரேட்டையும் வேதாகமத்தையும் ஒரே மனச்சாட்சியோடு புரட்டிய இந்த மனிதரை உங்கள் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் வைப்பது?

அன்றாடத்தைக் கேட்டிருந்தீர்கள். நியூ இங்கிலாந்தில் ஓய்வுநாள் சனிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். ஞாயிறன்று இரண்டு வேளை கூட்டம். யார் எங்கே உட்காருவது என்பதை வயதும் சொத்தும் அந்தஸ்தும் தீர்மானித்தன. வாரநாட்களில் நாணயத் தட்டுப்பாடு. கடைக்காரர் பற்று வரவை ஷில்லிங்கில் எழுதினாலும், கடன் அடைந்தது பெரும்பாலும் மக்காச்சோளமாகவும் வெண்ணெயாகவும் உடல் உழைப்பாகவும்தான். 50 குடும்பங்கள் கொண்ட ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்ற 1647ஆம் ஆண்டுச் சட்டம், வேதத்தை மனிதர் அறியாதபடி தடுப்பதே சாத்தானின் நோக்கம் என்று தொடங்குகிறது. வேதத்தில் சொல்லப்படாத பண்டிகை என்பதால், கிறிஸ்துமஸுக்கு வேலையை நிறுத்திக் கொண்டாடுவோருக்கு 1659 முதல் 1681 வரை ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது.

தவக்காலத்தையும் வெள்ளிக்கிழமை ஒறுத்தலையும் மனிதக் கற்பனை என்று தள்ளிய இதே மக்களின் முக்கிய ஏற்றுமதி, அந்த நாட்களில் இறைச்சியை விலக்கும் ஸ்பெயின், போர்ச்சுகல் கத்தோலிக்கர்கள் உண்ட காட் மீன் கருவாடு. தரமானது அங்கே போயிற்று. உடைந்ததும் கெட்டதுமான கழிவு ரகம், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாயிற்று.

அடிமை முறை என்று வரும்போதுதான், மதம் வணிகத்துக்கு எந்த அளவுக்கு வளைந்து கொடுத்தது என்பது தெரிகிறது. ஞானஸ்நானம் பெற்றவரை அடிமையாக வைத்திருக்கலாமா என்ற ஐயத்தை வர்ஜீனியா 1667இல் சட்டம் போட்டே தீர்த்தது: ஞானஸ்நானம் ஒருவரின் அடிமை நிலையை மாற்றாது. எஜமானர்கள் தயக்கமின்றிக் கிறிஸ்தவத்தைப் பரப்ப இது உதவும் என்று அச்சட்டமே காரணமும் சொல்கிறது. மதச் சகிப்புத்தன்மைக்குப் பேர்போன பென்சில்வேனியாவிலும், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1688இல் ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நான்கு பேர், பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென்று நாம் விரும்புவதையே பிறருக்குச் செய்ய வேண்டும் என்ற வசனத்தை எடுத்துக்காட்டி, அடிமை முறைக்கு எதிராக மனு எழுதிக் குவேக்கர் சபைக்குக் கொடுத்தார்கள். சபையின் மாதக் கூட்டம், விஷயம் மிகக் கனமானது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்ப, அது ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்ப, ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்லாமல் ஒதுக்கி வைத்தது. அடிமைகளை வைத்திருக்கும் உறுப்பினரை விலக்குவது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுக்க 1776 ஆயிற்று.