புதிய சபையும் பழைய பதிவேடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிக்கு வெளியே புதிதாக உருவான ஒரு குடியிருப்பில் வசிக்கிறேன். இங்குள்ள 14 கிறிஸ்தவக் குடும்பங்கள் ஓராண்டாக ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மாடியில் கூடி ஜெபித்து வருகிறோம். சேகரத்து (ஒரே குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) ஆலயம் 7 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் முதியவர்களால் போய்வர முடிவதில்லை. உடனே மனை வாங்கி ஆலயம் கட்டிவிட்டால் சபை தானாக வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். இது சேகரத்தைப் பிளக்கும் வேலை என்று வேறு சிலர் கடிந்துகொள்கிறார்கள். நம் பகுதிச் சபைகளின் தொடக்கத்தைப் பற்றி எழுதிவரும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

14 குடும்பங்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு 1780-இல் எழுதப்பட்டபோது அதில் இருந்தவை 40 பெயர்கள்தாம். அவர்களில் ஒருவர், 1778-இல் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் தஞ்சாவூர்ப் பிராமண விதவை. அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. ஊரார் வாயில் அது இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில்தான். பதிவேட்டுக்கும் பிரதிஷ்டைக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். சுவார்ட்ஸ் இருந்ததோ தஞ்சாவூரில். அவர் இங்கே வருவது அபூர்வம். அப்படியிருந்தும் சபை கலைந்துவிடவில்லை. கட்டடம் வந்தால் சபை தானாக வளரும் என்போரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக முதலூரில் நிலம்தான் முன்னால் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கிறிஸ்தவர்களானவர்கள் சொந்த ஊர்களில் தாக்கப்பட்டு, நிம்மதியாகக் குடியிருக்க முடியாமல் தவித்தபோது, 1799-இல் சாத்தான்குளம் பக்கத்தில் தரிசு நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றியவர் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம். கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் என்பதால் முதலூர். அங்கே வாங்கிய மண் உயிர் பிழைத்து ஒதுங்குவதற்கானது. கிணறும் குடிசைகளும் எப்படியோ அப்படித்தான் ஜெபவீடும். (மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் அங்கே போகிறவர்கள் ஒருமுறை கோபுரத்தையும் அண்ணாந்து பார்க்கலாம்.) பின்னாளில் மிஷனரியான ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் என்றோர் அமைப்பை ஏற்படுத்தி நிலங்கள் வாங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். உங்கள் 14 குடும்பங்களுக்கு வீடு இருக்கிறது, யாரும் துரத்தவில்லை. ஆகவே முதலூரை எடுத்துக்காட்டி மனைக்கு அவசரப்படுவது பொருந்தாது.

பிளவு பற்றிய அச்சத்தை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். ரேனியஸ் தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு முரண்பட்டு 1835-இல் விலக நேர்ந்தபோது, உபதேசிமார்களும் சபைகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அத்தனை சபைகளை எழுப்பிய மனிதர் அவர். 1838-இல் அவர் மறைந்த பிறகுதான் பிரிந்தவர்கள் மெல்லத் திரும்பினார்கள். ஆனால் தொலைவின் காரணமாகக் கூடுவது பிளவு ஆகாது. குருவானவருக்குத் தெரியாமல் கூடுவதும், சேகரத்துக்குச் சேரவேண்டிய காணிக்கையைத் தனியாகத் திரட்டுவதும்தான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கும். ஓராண்டாகக் கூடுகிறீர்கள், அவரை ஒருமுறையாவது அழைத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. முதலில் அவரிடம் போய், சேகரத்தின் கிளைச் சபையாக இருக்க விரும்புகிறோம், மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து ஆராதனை நடத்தித் தாருங்கள் என்று கேளுங்கள்.

மனை வாங்கும் நாள் வந்தால் பத்திரம் யார் பெயரில் என்பதில் கண்ணாக இருங்கள். என் உறவினர்கள் இருந்த ஓர் ஊரில், வசதி கருதி ஊழியரின் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார்கள். அவர் நல்லவர், காலமான பிறகு வாரிசுகள் பூட்டுப் போட்டார்கள். இரண்டு வருட வழக்குக்குப் பின் சபையாருக்குக் கிடைத்தவை பாய்களும், உபயமாகக் கொடுத்தவர்களின் பெயர் எழுதிய ஆறு மின்விசிறிகளும். அந்த விசிறிகளைக் கழற்றி ஒரு வேனில் ஏற்றியபோது நானும் ஒரு கை பிடித்தேன். அதோடு, ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலேயே இருந்தது. பொது அமைதிக்குக் குந்தகம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம் என்றும் அதில் இருந்தது. எனவே அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதை மனு எழுதும் நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் பெயர்கள், பூர்விக ஊர், ஞானஸ்நானம் பெற்ற இடம் ஆகியவற்றை எழுதத் தொடங்குங்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்தது போல ஏதாவது ஒரு சிறு காணிக்கையை அந்தந்த வீட்டுப் பெண்களே முடிவு செய்யட்டும். கணக்கும் அவர்களிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. முதியவர்களால் ஆலயத்துக்குப் போக முடியவில்லை என்பதற்காகக் கூடுகிறீர்கள், கூடுவதோ மாடியில். இந்த ஞாயிறே கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.